அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்

கூட்டத்தை எப்படி வரவழைப்பது, வந்த கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு தலைப்பைக் கொடுத்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏற மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசினால் எனக்குக் கோபம் வரும். முதல் தலைப்பில் நான் தோற்றவள், இரண்டாவதில் ஒரு நாள் தலைகுப்புற விழப் பார்த்தவள். அடுத்தவர் இடத்துக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து வயிறெரிவதில் மட்டும் நம் சுற்றுலாத் துறையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அந்தத் தலைப்பென்றால் எத்தனை வகுப்பும் எடுப்பேன்.

சிரிக்காதீர்கள். நாளைக்கு உங்களையும் ஒரு அருவியிலோ கடற்கரையிலோ பொறுப்பாளராகப் போடுவார்கள். பக்கத்து இடத்துக்கு வேன் வேனாக ஆட்கள் போவார்கள். உங்கள் இடத்தில் ஒரு ஆடு மேயும். அப்போது இந்தக் கிழவி ஞாபகம் வரும்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடம் அயனிக்கடவு. திருவட்டாற்றிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், ரப்பர் தோட்டங்களைத் தாண்டி, ஆறு வளைந்து ஒரு அகலமான பழைய தடுப்பணை மேல் வழிந்து விழும் இடம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது அணையின் மேல் முழங்கால் நனைய நடந்தே அக்கரை போகலாம். எங்கள் கரையில் படித்துறை, நிழலுக்கு அயனி மரங்கள், வரிசையாகச் சில கடைகள். அக்கரையில் பாறைகள், பாறைக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர். ஒரே ஆறுதான். கரைக்கு ஒரு பஞ்சாயத்து, கரைக்கு ஒரு பொறுப்பாளர். இக்கரைக்கு நான். அக்கரைக்கு ஒருவர்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதிலும் அவருக்குக் கொஞ்சம் புகழ் கூடும். அக்கரைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிட வயதில் சின்னவர், கல்ஃபில் ஏதோ ஹோட்டலில் வரவேற்பில் நின்றுவிட்டு ஊர் திரும்பி இந்த வேலைக்கு வந்தவர். யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்காது.

ஊரடங்குக்கு முன்னால் நிலைமை வேறு. குளிக்க வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் படித்துறைக்குத்தான் வருவார்கள். அக்கரையில் துணி துவைப்பார்கள், அவ்வளவுதான். ஊரடங்கில் இரண்டு கரையும் செத்துப்போனது. கேட்டைப் பூட்டிவிட்டு நான் மட்டும் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரர்களில் ஒருவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனார், ஒருவர் மீன் கூடை தூக்கினார், ஒருவர் திரும்பி வரவே இல்லை. திறந்த பிறகு என்னை நம்பித் திரும்பி வந்தவர்களில் முக்கியமானவள் செல்லத்தங்கம்.

செல்லத்தங்கத்தின் கடையில் மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். குடம்புளி போட்டு, தேங்காய் அரைத்து, சாளை மீனில் அவள் வைக்கும் கறியின் வாசனைக்கே குளித்துக்கொண்டிருப்பவன் கரையேறி வருவான். மற்ற கடைகளெல்லாம் அவள் கடைக்கு வந்தவர்கள் கைகழுவிவிட்டு வாங்குகிற சாயா, பழம், சோப்பு வியாபாரம். அவள் இருந்தால் எங்கள் கரை இருக்கும். அவள் போனால் கரை போச்சு. இதை நான் சொல்லத் தேவையில்லை, கடைக்காரர் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

கேட்டைத் திறந்தோம். கூட்டம் வரும் வரும் என்று காத்திருந்தோம். வந்தது, அக்கரைக்கு.

யாரோ ஒரு பையன் அக்கரைப் பாறையில் படுத்துக்கொண்டு போனில் ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கிறான். பின்னால் தெரிகிற பச்சை எல்லாம் எங்கள் கரையின் அயனி மரங்கள். மரம் எங்களுடையது, பெயர் அவர்களுக்கு! வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஜனம் அந்தப் பாறையைத் தேடிக் கிளம்பி வந்தது. நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல், அங்கே திருவனந்தபுரம் வரைக்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்குத் தெரிந்தது பச்சை கூட இல்லை, அக்கரை முழுக்க மனிதத் தலை.

நான் சும்மா இருக்கவில்லை. படிகளுக்கு நீலமும் மஞ்சளும் அடித்தேன். ஊர்ப் பெயரை ஆள் உயரத்துக்கு எழுத்தாகச் செய்து, நடுவில் ஒரு சிவப்பு இதயமும் வைத்து, படம் எடுத்துக்கொள்ள நிறுத்தினேன். அந்த இதயத்தின் மேல் காகம்தான் உட்கார்ந்தது. செல்லத்தங்கம் அதைப் பார்த்துவிட்டு, “மேடம், இதுக்குப் பதிலா பெண்ணுங்களுக்கு துணி மாத்த ஒரு மறைவு கெட்டித் தந்திருக்கலாம்லா?” என்றாள். மறைவில் யார் படம் எடுப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். போங்கள்.

ஒரு ஞாயிறு நானே அக்கரைக்குப் போனேன். முகக்கவசம் போடுகிற காலம் அது. இந்த ஒரு விஷயத்துக்கு அந்தக் கவசம் எனக்கு உதவியது என்று சொல்லலாம். மகளுடைய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வாயை மூடி ஒரு கவசம். பாறையோரம் நின்று அவர் என்ன மாயம் செய்கிறார் என்று பார்த்தேன். ஒரு மாயமும் இல்லை. வேன்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து ஊர் ஆட்டோக்களில் ஆட்களை வரவழைக்கிறார். பாறை நிறைந்ததும் மைதானத்திலேயே கயிறு கட்டி, “இன்னைக்கு எடமில்ல சார், இன்னொரு நாள் வாருங்க” என்று கைகூப்பித் திருப்பி அனுப்புகிறார். ஒரு வேன் குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. என் வயிறு எரிந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! எனக்கு வருகிறவனைப் பிடித்துவைக்க வழியில்லை. இந்த மனுஷனுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பும் அளவுக்குச் செழிப்பு.

அப்போது ஒரு ஆள் கையில் கண்ணாடித் தம்ளரோடு என்னிடம் வந்து நின்றான். “அக்கரை மேடத்துக்கு ஒரு சாயா குடுக்கச் சொன்னாரு.” தூரத்திலிருந்து அவர் சிரித்தார். அவருக்கு நான்தானே அக்கரை. அந்தச் சாயாவைக் குடிக்க வேண்டுமென்றால் கவசத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிக் குடித்தேன். நல்ல சாயாதான், அது இன்னும் எரிச்சல்.

குடித்து முடிக்கும்போது பக்கத்தில் வந்து கேட்டார். “அக்கா, இஞ்ச நெறஞ்சா கொஞ்சம் ஆளுகளை உங்க பக்கம் அனுப்பட்டா? எவ்வளவு பேரு தாங்கும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்க அனுப்புதேன்.”

“உங்க மிச்சம் எனக்கு வேண்டாம்” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “செரி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முகம் சுருங்கியதில் எனக்கு ஒரு வாரம் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

சந்தோஷம் சோறு போடுமா? செல்லத்தங்கம் காலையில் அவிக்கும் கிழங்கு சாயங்காலம் அப்படியே மிஞ்ச ஆரம்பித்தது. பூஜை விடுமுறை வரும் வாரத்தில் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் வந்து நிற்கும் விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“மேடம், அக்கரையில எனக்க மதினி வீட்டு முற்றத்துல எடம் தாறாங்களாம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. இந்த பூஜ ஞாயிறு பாப்பேன். இஞ்ச ஆளு வந்தா இருக்கேன். வரல்லன்னா போறேன். பொறவு என்னைய கொற சொல்லப்பிடாது.”

“போயிருவியா செல்லத்தங்கம்?”

“பின்னே? வாய்க்கு ருசியா வச்சு ஆத்துலயா கொட்டட்டும்?”

அந்த ஞாயிறுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

காலையில் கேட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கரைக்காரர் பெயர். இன்றைக்கு என்னவோ பெருமை பீற்றப் போகிறார் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. அதற்குள் எங்கள் ரோட்டில் ஒரு வேன் திரும்பி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கார்கள். நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். பாறை காலியாகக் கிடந்தது! ஒரு ஈ காக்கை இல்லை. ஆகா, சலித்துவிட்டது ஜனத்துக்கு, பாறையில் படுத்துப் படுத்து முதுகு வலித்துவிட்டது, படித்துறையின் அருமை தெரிந்துவிட்டது என்று எனக்குள் ஒரே கும்மாளம். போன் மூன்றாம் தடவை அடித்தது. ஆட்களை அனுப்பட்டுமா என்று அன்றைக்குக் கேட்டவர், இப்போது ஆட்களைத் திருப்பி அனுப்பு என்று கெஞ்சத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டினேன். கெஞ்சட்டும். போனைச் சத்தம் வராமல் செய்து பைக்குள் போட்டேன்.

அப்படி ஒரு நாள் எங்கள் கரை கண்டதில்லை. படிக்கட்டு நிறைந்தது, தண்ணீர் நிறைந்தது, அணையின் விளிம்பில் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிள்ளைகள். என் சிவப்பு இதயத்தின் முன்னால் படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள்! செல்லத்தங்கம் முதல் பானைக் கிழங்கு தீர்ந்து இரண்டாவது பானை ஏற்றினாள். முகம் வேர்த்து வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்! எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. இருட்டில் கிடந்தவனுக்கு விளக்கு கிடைத்தால் திரியைக் குறைக்கத் தோன்றுமா?

உச்சி நெருங்கும்போது செல்லத்தங்கம் கையில் போனோடு என்னிடம் ஓடி வந்தாள். சிரிப்பு இல்லை.

“மேடம், தங்கமணி பாட்டா போயாச்சாம். இன்னைக்கு விடியக்காலத்த. மதினி இப்பதான் சொல்லுதா. உச்ச கழிஞ்ச ஒடனே எடுக்காவளாம். உங்களுக்குத் தெரியாதா?”

தங்கமணி பாட்டா அக்கரை ஊரில் எல்லாருக்கும் பெரியவர். அவர்களுக்கு அடக்கம் செய்கிற நிலம் எங்கள் கரையில், படித்துறைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில். அக்கரையில் யார் இறந்தாலும் அணையின் மேல் நடந்து, எங்கள் படித்துறை வழியாக ஏறித்தான் கொண்டுபோவார்கள். ஆற்றைக் கடக்கிற இடத்தைத்தான் கடவு என்போம்; அது கடவின் முறை. பிரேதம் கடக்கும்போது ஆற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது. படித்துறைக் கடைகளில் அடுப்பு எரியக் கூடாது. அணைத்த அடுப்பை மறுநாள் விடிந்துதான் மூட்ட வேண்டும். எங்கும் எழுதி ஒட்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஊரடங்குக்கு முன்னால் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. காலையிலேயே செய்தி வந்துவிடும், குளிக்க வருகிறவர்களிடம் சொன்னால் திரும்பிவிடுவார்கள். எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தானே.

பாறை ஏன் காலியாகக் கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. துக்க வீடு என்று மைதானத்திலேயே வேன்களை நிறுத்தித் திருப்பியிருக்கிறார். திரும்பியவர்கள் பாலம் சுற்றித் தாங்களாகவே எங்கள் பக்கம் வந்திருக்கிறார்கள். போன் எதற்கு அடித்தது என்பதும் புரிந்தது.

பாட்டாவின் மகள் ராஜத்தை எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டேன். “மக்கா ராஜம், கேள்விப்பட்டேன். மனசு ஆறல்ல. ஒரு காரியம் கேக்கேன், தப்பா நினைக்காத. இஞ்ச கூட்டம் அதிகமா இருக்கு. வண்டியில பாலம் சுத்திக் கொண்டு வரலாமா? இல்லன்னா சாயங்காலமா எடுக்கலாமா?”

அழுதுகொண்டே பேசினாள்.

“எங்க அம்மைய வண்டியிலதான் கொண்டு போனோம் மேடம். லாக்டவுன்ல. நாலஞ்சு பேரு. ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கல்ல. கடவு வழி கொண்டுவர விடல்ல. எங்க அப்பா அதச் சொல்லிச் சொல்லியே போனாரு, எனக்காவது கடவு வழி கெடைக்குமா மக்கான்னு. குளிக்க வந்தவங்களுக்காக அவர வண்டியில ஏத்தணுமா? நீங்களே சொல்லுங்க.”

“வேண்டாம் மக்கா. கடவு வழியே வாங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பினால் செல்லத்தங்கம் அடுப்பின் முன்னால் நிற்கிறாள். இரண்டாவது பானை கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புகை எழும்பியது. “தீந்து போச்சு, போங்க, இன்னைக்குக் கடை இல்ல” என்றாள். கிழங்கு பாதி வெந்த நிலையில். அவளுடைய நல்ல நாள் அது, ஆள் வரும் என்று நான் வாய்விட்டுச் சொல்லாமலே அவளை நம்பவைத்திருந்த நாள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. அவள் அணைத்ததைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள்.

இனி என் முறை. மைக்கை எடுத்தேன். அரசாங்கத்தில் பழகிய வாய், அரசாங்கமாகவே பேசியது. “அனைவரின் கவனத்திற்கும். பிரேதம் ஒன்று இவ்வழியாக வருவதால் அனைவரும் உடனடியாக ஆற்றை விட்டு வெளியேறவும்.”

எந்தக் காலத்தில் இதைச் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா? இரண்டு வருஷமாக ஜனத்தைப் பிரேதம் என்றால் நடுங்க வைத்திருந்த காலம் அது. தண்ணீரில் நின்ற எவனோ ஒருவன் கத்தினான். “கொரோனா பொணமாம்! ஓடுங்க!”

அவ்வளவுதான். ஆற்றில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கட்டை நோக்கித் திரும்பினார்கள். ஈரப் படி, நான் அடித்த பளபளப்புச் சாயம் வேறு. மேலே இருப்பவர்கள் பையையும் செருப்பையும் தேடிக் கீழே இறங்குகிறார்கள், கீழே இருப்பவர்கள் மேலே ஏறுகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் நடுப்படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள், அவளுக்கு மேலே ஆட்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். நான் மைக்கில் “வெளியேறவும், வெளியேறவும்” என்று கத்துகிறேன். நான் கத்தக் கத்த நெரிசல் கூடுகிறது. இன்றைக்கு இங்கே ஒரு குழந்தை செத்தால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், உடனே மைக்கை இறக்கிவிட்டேன்.

அணையின் மேல் யாரோ வேகமாக நடந்து வந்தார்கள். அக்கரைக்காரர். கடவு காலியாக இருக்கிறதா என்று பார்க்க, பாடைக்கு முன்னால் வந்தவர். வேட்டி முழங்காலுக்கு மேல், தோளில் துண்டு. வரும்போதே இரண்டு கையையும் கீழே கீழே அமுக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். கரையேறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார்.

“எல்லாரும் உக்காருங்க” என்றார். “யாரும் போக வேண்டாம். நிக்குத எடத்துல அப்படியே உக்காருங்க. படியில நிக்குதவங்க படியில உக்காருங்க. அம்மா, பிள்ளைய மடியில வச்சு உக்காருங்க. பயப்படாதீங்க, நோய் ஒண்ணும் இல்ல. எங்க ஊருல ஒரு பெரியவரு வயசாகிப் போய்ச் சேந்துட்டாரு. இது அவரு வழி. நாம எல்லாம் அவரு ஊருக்கு விருந்து வந்தவங்க. அவரு போன பொறவு நாம போவோம்.”

கத்தவில்லை. ஹோட்டலில் அறை தயாராகிறது, சற்று இருங்கள் என்று சொல்கிற அதே குரல். முதலில் அந்தக் கைக்குழந்தைக்காரி உட்கார்ந்தபடியே இருந்தாள், அவளுக்கு மேலே நின்ற ஆள் உட்கார்ந்தார். அதைப் பார்த்து அடுத்தவர். படி படியாக உட்கார்ந்தார்கள். தண்ணீரில் நின்றவர்கள் கரைக்கல்லில் ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கூட்டம் தள்ளாது, மக்கா. உட்கார்ந்தவன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான், பயம் தெளியும். நடுவில் பாடை போகும் அகலத்துக்கு வழி விடச் சொன்னார், விட்டார்கள்.

தங்கமணி பாட்டா வந்தார். முழங்கால் தண்ணீரில் பைய பைய, நாலு பக்கமும் தோள் கொடுத்து. படத்துக்காகப் போனைத் தூக்கிய ஒருவன் கையைப் பக்கத்தில் இருந்த அம்மாவே தட்டிவிட்டாள். பாடை படியேறும்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள், சத்தமில்லாமல். எங்கேயோ இருந்து வந்த ஜனம், யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்கு. பின்னால் நனைந்த சேலையோடு வந்த ராஜம் இரண்டு பக்கமும் பார்த்து, “எங்கப்பா, பாத்தியாப்பா, எவ்வளவு ஆளு பாத்தியா” என்று அழுதாள். அம்மாவுக்கு வராத ஆள் எல்லாம் அப்பாவுக்கு வந்துவிட்டது போல.

எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உட்காருங்கள் என்கிற அந்த ஒரு வார்த்தை எனக்கு ஏன் வரவில்லை, இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி வந்தது என்று. இன்றைக்கு வரை ஆறவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் அந்த வார்த்தை வந்து குத்தும்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். வேட்டியைப் பிழிந்துகொண்டே, “அக்கா, போன் ரிப்பேரா?” என்றார்.

“ஆமா” என்றேன்.

“சீக்கிரம் செரியாக்கிருங்க” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டி மனதை ஆற்றியிருப்பேன். அந்த மனுஷனுக்கு அது கூடத் தெரியாது.

மறுநாள் மேலிடத்திலிருந்து போன். “அக்கரைக்காரர் அழகா சமாளிச்சாராமே! உங்க கரைக்கே வந்து சமாளிச்சாராமே!” ஆமாம் சார், என் கரைக்கே வந்துதான் சமாளித்தார்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு உங்கள் இஷ்டம். திடீரென்று உங்கள் இடத்துக்குக் கூட்டம் வந்தால் துள்ளாதீர்கள். அந்தக் கூட்டம் எங்கே போக வேண்டியது, ஏன் போகவில்லை என்று முதலில் விசாரியுங்கள். நோய் முடிந்து அடைப்பு திறந்த காலத்தில் கூட்டம் கரையை உடைத்த தண்ணீர் மாதிரி, ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பாயும். பக்கத்துப் பொறுப்பாளர் கூப்பிட்டால் எடுங்கள். ஆகாதவர் என்றால் முதல் மணியிலேயே எடுங்கள். ஆட்களை வெளியேற்ற நினைக்கும் முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் சுற்றுலா இடம் என்று சொல்கிற இடத்தில் யாரோ வாழ்கிறார்கள், சாகிறார்கள், அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். பொறாமைப்படாதீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது பொய் உபதேசம். எனக்கே முடியாததை உங்களிடம் எப்படிக் கேட்பேன்?

செல்லத்தங்கம் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

அடுத்த சில ஞாயிறுகள் எங்கள் கரைக்கும் ஓரளவு ஆள் வந்தது. அக்கரை நிறைந்ததும் அவரே அனுப்பினார், நானும் இத்தனை பேர் போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். மறைவும் கட்டினேன். இனி இவள் போக மாட்டாள் என்று நம்பியிருந்தேன். ஒரு காலையில் பார்த்தால் பானையையும் அடுப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஓடிப் போய், “ஏட்டி, ஆளு வந்தா இருக்கேன்னு சொன்னியே? ஆளு வருதுல்லா?” என்று கேட்டேன்.

“வருது மேடம். ஆளு இல்லாம ஒண்ணும் நான் போவல்ல.”

“அப்போ என்னத்துக்கு? அன்னைக்கு நான் போன் எடுக்காததுக்கா?”

அவள் சட்டுவத்தைப் பானைக்குள் செருகிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

“நீங்க நல்லவங்கதான். ஆனா நாற்காலிய எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருக்கிய, நீங்களே பாருங்க. இத்தன காலமும் உங்களுக்கு அக்கரையப் பாக்குததுக்கே நேரம் செரியா இருக்கு. உங்க முதுகுக்குப் பின்னால நாங்க கெடக்கோம். ஒரு நாளு திரும்பிப் பாத்து, செல்லத்தங்கம், சாப்பிட்டியான்னு கேட்டிருக்கியளா?”

திரும்பி நாற்காலியைப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்துத்தான் கிடந்தது. கடைகள் அதற்குப் பின்னால்.

ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்.

“வெசனப்படாதீங்க மேடம். அக்கரைக்குப் போனா தெனமும் என்னையும் பாப்பியல்லா?”

பார்த்தேன். ஓய்வு பெறும் நாள் வரைக்கும், தினமும்.